மாப்பிள்ளை வீட்டுச் சிப்பாய்

என் மகளின் கலியாணத்தை ஒப்பேற்றித் தந்தவர், அவள் பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே இறந்துபோன ஒரு சிப்பாய். அமெரிக்கர்கள் சுதந்திரம் கேட்டுச் சண்டை பிடித்தபோது, அதைக் கொடுக்கக் கூடாது என்று இங்கிலாந்து அரசன் அனுப்பிய சிவப்புக் கோட்டுப் படையில் துவக்குத் தூக்கியவர். தோற்ற பக்கம். ஊர் திரும்பிய பிறகு துவக்கைப் போட்டுவிட்டு வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்தார். தெற்கு லண்டனில் ஒரு சின்னச் சபைக்குப் பாப்டிஸ்ட் போதகரானார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் நடுவில் எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை இது. அது வெறும் கதையா, நடந்ததா என்ற கேள்வியில் என் மகளின் கலியாணம் மாட்டிக்கொண்டு நின்றது.

மகள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பிரிவில் வேலை செய்தாள். அதே பிரிவில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெடியனை ஒரு ஞாயிற்றுக்கிழமை டூட்டிங்கில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். பெடியனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான். மனைவி வைத்த நண்டுக் குழம்பைக் கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டான். மனைவிக்கு அவனைப் பிடித்துவிட்டது. ஆனால் அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தார், என் மச்சான்.

தகப்பன் நேரத்தோடு போய்விட்ட குடும்பம். இவளைப் படிப்பித்து, எனக்குக் கட்டிக்கொடுத்தது எல்லாம் அந்த அண்ணன்தான். யாழ்ப்பாணத்தில் அமெரிக்கப் போதகர்கள் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்று, இப்போது விம்பிள்டனில் மகனோடு இருந்தார். என்னுடைய சொத்து, சுகம், பிள்ளைகள் எல்லாவற்றிலும் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது. அதில் பாதியை நான் கேட்காமலேயே சொல்லுவார்.

“அண்ணை ஓம் எண்டால் எனக்கும் ஓம்” என்றாள் மனைவி.

நான் மகளிடம் தனியாகச் சொன்னேன்: பதிவுக் கந்தோரில் அறிவித்தல் கொடுத்து, காத்திருக்கிற காலம் முடிந்ததும் இரண்டு சாட்சிகளோடு போனால் ஒரு காலையில் முடிகிற அலுவல். என்னென்ன பத்திரம் வேண்டும் என்றும் சொல்லத் தொடங்கினேன். அவள் என்னை நிறுத்தினாள்.

“அம்மா வராத கலியாணம் எனக்கு வேண்டாம், அப்பா. அவனையும் விடமாட்டன். நீங்கள் ஒரு வழி பாருங்கோ.”

யாழ்ப்பாணத்தாருக்கு விசாரிப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசுமுன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு பக்கமும் கேட்டறிவது. படிப்பையும் உத்தியோகத்தையும் ஒரு மூச்சில் விசாரித்து முடித்துவிடுவார்கள். மிச்ச நேரமெல்லாம் “ஆக்கள் என்ன மாதிரி?” என்ற ஒரே கேள்விக்குத்தான். அந்தக் கேள்வியில் சாதி என்ற சொல் வராது. நாகரிகமானவர்கள் அல்லவா. கடல் கடந்து அகதியாக வந்தவர்கள்கூட வேறு எதை விட்டுவந்தாலும் இந்தக் கேள்வியை விட்டுவரவில்லை. டூட்டிங்கில் ஒருவர் தொலைபேசியைத் தூக்கினால், ஹரோவில் ஒருவர், ரொறொன்ரோவில் ஒருவர் என்று சுற்றி, சாயந்தரத்துக்குள் பதில் வந்துவிடும். ஆனால் வெள்ளைக்காரனைப் பற்றி யாரிடம் கேட்பது? அங்கேதான் மச்சானுக்குத் தடக்கியது.

பெடியனின் பெற்றோர் குறொய்டனில் இருந்தார்கள். எங்களைத் தேநீருக்கு அழைத்தார்கள். மச்சானும் வந்தார், கழுத்துப்பட்டி கட்டி, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். பெடியனின் தகப்பன் ரயில்வேயில் சமிக்ஞைப் பிரிவில் இருந்தவர், அதிகம் பேசாதவர். தாய்க்காரிதான் தன் புருசன் வீட்டுக் கதையைப் பெருமையோடு சொன்னாள். அமெரிக்காவில் சண்டை பிடித்த சிப்பாய், பிறகு போதகர். குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறையும் அடுத்ததற்குச் சொல்லி வந்ததாம். எழுத்தில் ஒன்றும் இல்லையாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸின் மேல்தட்டில் மச்சான் தீர்ப்புச் சொன்னார்.

“பட்டாளத்துக்காரன் பிரசங்கியாய் மாறினானாம். ஆர் நம்புவான்? எழுத்தில இல்லையெண்டு அவளே சொல்லிப்போட்டாள்.”

“உங்கட குடும்பக் கதை எழுத்தில இருக்கோ, மச்சான்?” என்றேன்.

“எங்கட ஆக்களை ஊருக்கே தெரியும். அதுக்கென்னத்துக்கு எழுத்து?”

மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். “அப்ப என்ன செய்யிறது, அண்ணை?” என்று மெல்லக் கேட்டாள்.

“விசாரிப்பம். கதை மெய்யெண்டால் நானே தாய்மாமனாய் முன்னுக்கு நிண்டு செய்து வைக்கிறன். பொய்யெண்டால், பொய் சொல்லுற வீட்டில எங்கட பிள்ளை வாழேலாது.”

பெண்ணின் தாய்மாமன் முன்னுக்கு நிற்காத கலியாணம் எங்களில் அரைக் கலியாணம். மனைவி தலையாட்டினாள். பஸ்ஸில் வைத்தே எனக்கு உள்ளுக்குள் சந்தோசம் பொங்கியது. ஏனென்றால் விசாரிப்பது என் தொழில். கொழும்பில் காணிப் பதிவுக் கந்தோரில் தொடங்கி, லண்டனில் கவுன்சில் கந்தோரில் முடித்தவன் நான். படிவம் என்றால் மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். எனக்குப் பசி எடுக்கும். ஓய்வு பெற்று வீட்டில் இருந்து, அயலில் உள்ள பெடியன்களுக்கு வதிவிட விண்ணப்பமும் பெனிபிட் மேன்முறையீடும் எழுதிக்கொடுத்துப் பொழுதைப் போக்கியவனுக்கு இது வரப்பிரசாதம்.

மச்சான் முந்திக்கொண்டார். அவரும் சும்மா ஆளல்ல, சரித்திர வாத்தியார். அரச திருச்சபைக்கு வெளியே இருந்த சபைகளின் பழைய பதிவேடுகளை அரசு வாங்கி வைத்திருக்கிறது. அவற்றின் படச்சுருளைச் சான்சரி லேனில் உள்ள ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம் என்று எங்கேயோ அறிந்து, தனியாகப் போய், அந்தப் போதகரின் பெயரையும் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு வாசலில் நின்றபடியே தொடங்கினார்.

“முடிஞ்சுது, தங்கச்சி. ஆள் ஞானஸ்நானம் பெற்ற வருசத்தை என்ர கண்ணால பாத்தன். யுத்தம் முடிஞ்சு நாலைஞ்சு வருசத்துக்குப் பிறகு. யுத்தம் முடிஞ்ச பிறகு பிறந்தவன் என்னெண்டு யுத்தத்தில சண்டை பிடிச்சவன்? பச்சைப் பொய்.”

மனைவி கையிலிருந்த தேநீர்க் கோப்பையை அப்படியே மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். மகள் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மச்சானோடு வாதாட மனம் வரவில்லை. “படச்சுருளின்ர இலக்கத்தைத் தாரும்” என்று மட்டும் கேட்டேன். தந்தார். தோற்றவனுக்கு இரக்கம் காட்டுகிற பாவனையில் தந்தார்.

மறுநாள் சான்சரி லேனில், இருட்டறையில், அதே சுருளைக் கருவியில் மாட்டிச் சுற்றினேன். மச்சான் பார்த்த வரி உண்மைதான். அந்த வருடம், அந்தப் பெயர், ஞானஸ்நானம். ஆனால் மச்சான் படிப்பித்தது குழந்தைகளுக்கு நெற்றியில் தண்ணீர் தெளிக்கிறவர்களின் பள்ளிக்கூடத்தில். அங்கே ஞானஸ்நானம் என்றால் பிறந்து சில வாரத்தில் நடப்பது. பாப்டிஸ்ட்காரர் அப்படி அல்ல. குழந்தைக்கு என்ன விசுவாசம் தெரியும் என்று கேட்கிறவர்கள். வளர்ந்து, தானாக விரும்பி, சபையின் முன் அறிக்கை செய்தவரைத்தான் முழுசாகத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். மச்சான் பார்த்தது ஒரு குழந்தையின் பிறப்பை அல்ல. வயது வந்த ஒரு மனிதர் உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கிய நாளை.

இதை வாயால் சொன்னால் மச்சான் ஒப்புக்கொள்ள மாட்டார். எனவே சுருளைத் தொடர்ந்து சுற்றினேன். சபைப் பிள்ளைகளின் பிறப்பைப் பதிந்த பக்கங்கள் வந்தன. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கருவியில் இருந்த கனவான் தொண்டையைச் செருமினார். அந்த ஞானஸ்நானத்துக்கு இரண்டு வருடம் கழித்து எங்கள் ஆளுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்திருந்தது. மச்சானின் கணக்குப்படி இந்த மனிதர் இரண்டு வயதில் தகப்பனாகியிருக்கிறார். தேடியது கையில் கிடைத்ததும் சுருளை நிறுத்திவிட்டார் மச்சான். கந்தோரில் இப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் கோப்புக் கொடுப்பதில்லை.

பிள்ளையின் பதிவில் தாயின் கலியாணத்துக்கு முந்திய குடும்பப் பெயரும் இருந்தது. அது போதும். அந்தக் காலத்துச் சட்டம் ஒன்று எனக்குத் தெரியும். யூதர்களும் குவேக்கர் என்ற சபையாரும் தவிர, இங்கிலாந்தில் யாராக இருந்தாலும் அரச திருச்சபையின் பங்குக் கோவிலில்தான் தாலி... மன்னிக்க, மோதிரம் மாற்ற வேண்டும். மற்ற இடத்தில் செய்தால் செல்லாது. அந்தத் திருச்சபையை மேடைக்கு மேடை கண்டித்த பாப்டிஸ்ட் குடும்பத்துப் பெண்ணும் கலியாணத்துக்கு அங்கேதான் போய் நின்றிருக்க வேண்டும். அரசாங்கம் என்றால் எந்தக் காலத்திலும் அரசாங்கம்தான். அந்தச் சபை இருந்த வட்டாரத்தின் பங்குப் பதிவேடுகளை ஒவ்வொரு கோவிலாகத் தேடினேன். அவை வைக்கப்பட்டிருந்த கிளார்க்கன்வெல் ஆவணக் காப்பகத்தில் ஒரு மழைநாளில் பெண்ணின் பெயர் வந்தது. பக்கத்தில் மாப்பிள்ளையின் பெயர். அதன் கீழே, எழுதியவர் போகிற போக்கில் சேர்த்த ஒரு குறிப்பு: இன்ன காலாட்படைப் பிரிவின் சிப்பாய். கீழே அவருடைய கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் தூண்டில் முள் மாதிரி மேலே வளைந்திருந்தது.

படைப்பிரிவு தெரிந்தால் மிச்சம் கியூ என்ற இடத்தில் உள்ள அரச ஆவணக் காப்பகத்தில். அங்கே பேனா கொண்டுபோக முடியாது, பென்சில் மட்டும். வாசகர் அட்டை, இருக்கை இலக்கம் எல்லாம் எடுத்துக்கொண்டு கணினியில் கட்டளை கொடுத்தால், இடுப்பில் மாட்டிவிடுகிற ஒரு சின்னக் கருவி, கோப்பு வந்ததும் கீச்சிடும். வேறு எந்த இடத்திலும் எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. கருவி கீச்சிட்டது. கட்டை அவிழ்த்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது கொடுத்த பத்திரம்: பெயர், பிறந்த ஊர், வயது, அமெரிக்காவில் இடது முழங்கையில் பட்ட குண்டுக் காயம். கீழே அதே தூண்டில் முள். கலியாணப் பதிவிலும், பிறகு போதகராக இருந்து, நான் சான்சரி லேன் சுருளில் பார்த்த சபைப் புத்தகத்தில் போட்டதிலும் அதே முள். சிப்பாயும் போதகரும் ஒரே ஆள். இனி எந்த நீதிமன்றமும் மறுக்காது.

எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. அங்கே அதற்கு அனுமதியில்லை. பத்திரத்தை மறுபடி வாசித்தேன். அப்போதுதான் படையில் சேரும் முன் செய்த தொழில் என்ற இடத்தைக் கவனித்தேன். நாவிதர் என்று எழுதியிருந்தது.

வேறு யாருக்காவது என்றால் இது ஒரு தகவல். யாழ்ப்பாணத்தில் கலியாணம் விசாரிக்கிறவருக்கு இது முடிவுரை. முடி வெட்டுகிற கையைத் தலையில் பட விடுவார்கள், பந்தியில் பக்கத்தில் இருக்க விட மாட்டார்கள். மச்சானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர்தான்.

பிரதியை முதலில் மகளுக்குக் காட்டினேன். சந்தோசத்தில் என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு அந்த வரிக்கு வந்தாள்.

“அப்பா, இந்தத் தாளைக் காட்டாதேங்கோ. கலியாணப் பதிவே போதுமே. அதில சிப்பாய் எண்டு இருக்குதுதானே.”

“பிள்ளை, இருக்கிற பத்திரத்தில ஒண்டை ஒளிச்சு வைச்சால் மற்றதையும் ஒருத்தரும் நம்பத் தேவையில்லை.”

“மாமாவை உங்களுக்குத் தெரியாதே?”

“தெரியும். அதுதான் எல்லாத்தையும் காட்டப்போறன். பிறகு வேற வழியால அறிஞ்சாரெண்டால் உன்ர அம்மாவை உயிரோட விடமாட்டார்.”

அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அதில் நியாயம் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் மச்சான் வந்தார். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் பிரதிகளை வரிசையாகப் பரப்பினேன். மனைவி மேசையின் மறுபக்கம் இருந்தாள். மகள் கதவருகே நின்றாள். உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றாள்.

“மச்சான், நீர் சொன்ன ஆளுக்கு ரெண்டு வயசில பிள்ளை பிறந்திருக்குது. உமக்கு ஆட்சேபணை இல்லையே?”

“என்ன விசர்க் கதை?”

பிள்ளையின் பிறப்பைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டு வாசித்தார். பாப்டிஸ்ட்காரரின் முழுக்கைப் பற்றிச் சொன்னேன். “உவங்கள் ஏன் அப்பிடிச் செய்யிறாங்கள்?” என்று எரிச்சலோடு கேட்டார், நான்தான் அந்தச் சபையைத் தொடங்கினவன் மாதிரி. பங்குக் கோவில் பதிவைக் காட்டினேன்.

“பாப்டிஸ்ட் வீட்டுப் பெட்டை மற்றவங்கட கோவிலுக்கு என்னத்துக்குப் போனவள்?”

“சட்டம்.”

“எந்தச் சட்டம்?”

சொன்னேன், விதிவிலக்குகளோடு. மனைவி வாயைக் கையால் மூடிச் சிரிப்பை அடக்கினாள். மூன்று கையெழுத்துகளையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்தேன். வாத்தியார் அல்லவா, எழுத்தை ஒப்பிடுவது அவருக்குக் கைவந்தது. வெகுநேரம் குனிந்து பார்த்தார். “ஓம். ஒரே கைதான்” என்றார். அவருடைய நேர்மைக்கு நான் அந்த இடத்தில் மதிப்புக் கொடுத்தேன். பிறகு கியூப் பத்திரத்தைக் கையில் எடுத்து முழுவதும் வாசித்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

“இதென்ன இது?”

“அவர் பட்டாளத்துக்குப் போக முன்னம் செய்த தொழில்.”

மச்சான் தாளை மேசையில் வைத்தார். அது ஈரமாக இருந்ததைப் போல நுனியில் பிடித்து வைத்தார்.

“தங்கச்சி, இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல? நீ யோசி.”

நான் வாயைத் திறந்தேன். மனைவி கையைக் காட்டி என்னை மறித்தாள். எங்கள் கலியாணமான நாளிலிருந்து அவள் அண்ணனுக்கு எதிரே நிமிர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

“அண்ணை, எங்கட பூட்டன் என்ன தொழில் செய்தவர்?”

“கமம். வயல், தோட்டம்.”

“அவற்ற தகப்பன்?”

“கமம்தான். வேற என்ன?”

“எழுத்தில இருக்கோ?”

மச்சான் தேநீர்க் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இவர் முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயை எத்தினை தலைமுறைக்குப் பின்னால போய்ப் பிடிச்சுக்கொண்டு வந்திட்டார். எங்கட ஆக்களைப் பிடிக்கிறது இவருக்குப் பெரிய வேலையே? ஒல்லாந்தன் எழுதின காணிப் பதிவு, தோம்பு, கொழும்பில கிடக்குதெண்டு இவர் எத்தினை தரம் சொல்லியிருக்கிறார். காணிக்காரன்ர பேரும், அவன் என்ன ஆளெண்டதும் பக்கத்தில பக்கத்தில எழுதிக் கிடக்குமாம்.” என் பக்கம் திரும்பினாள். “என்னப்பா, ஆரிட்ட எழுதிக் கேக்க வேணும்?”

“சுவடித் திணைக்களத்துக்கு. ஊர், கோவிற்பற்று, காணியின்ர பேர் குடுத்தால் பிரதி அனுப்புவினம்” என்றேன். முத்திரை எவ்வளவு ஒட்ட வேண்டும் என்பதையும் சொல்லத் தயாராக இருந்தேன்.

“எங்கட வளவின்ர பேர் எனக்குத் தெரியும்” என்றாள் அவள். “எழுதுவமோ, அண்ணை? விசாரிக்கிறதெண்டால் ரெண்டு பக்கமும் விசாரிக்கிறதுதானே முறை.”

அந்தத் தோம்பில் அவர்களுடைய வளவுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மச்சானுக்கும் தெரியாது. தெரியாததுதான் அவரை வாட்டியது. எல்லாக் குடும்பத்திலும் எங்கேயோ ஒரு படியில் யாரோ ஒருவர் ஏதோ செய்திருப்பார். ஊருக்கே தெரியும் என்று சொல்லுகிறவர்களுக்குத்தான் எழுத்தைக் கண்டால் பயம்.

மச்சான் தேநீரைக் குடித்தார். முழுவதும் குடித்து முடித்தார்.

“அதெல்லாம் இப்ப என்னத்துக்கு?” என்றார். “போதகர் எண்டது நிரூபணமாயிட்டுதுதானே?”

“சந்தேகமில்லாமல்” என்றேன்.

“அப்ப போதகர் பரம்பரை எண்டு சொல்லுவம். கொஞ்சக் காலம் ராச சேவையிலயும் இருந்திருக்கினம்.” கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு கதவருகே நின்ற மகளை நோக்கி, “என்னடி பிள்ளை, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறாய்? மாமாவுக்கு இன்னொரு தேத்தண்ணி போடு. பொன்னுருக்கிற நாளைப் பாக்க வேணும்” என்றார்.

மகள் தேத்தண்ணி போடவில்லை. ஓடிப்போய்த் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தேத்தண்ணியை நான்தான் போட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக மச்சானுக்குச் சீனி போட்டதில்லை.

தாலிக்குப் பொன் உருக்குவது எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில் நடப்பது. அப்படியே நடந்தது, குறொய்டனில். டூட்டிங்கிலிருந்து தட்டாரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். மனைவியும் அவளுடைய சிநேகிதிகளும் பலகாரத் தட்டுகளோடு வந்தார்கள். பெடியனின் தாய் வரவேற்பறைக் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு, குத்துவிளக்குக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். மச்சான் வேட்டிக்கு மேலே குளிருக்கு ஓவர்கோட்டுப் போட்டுக்கொண்டு, நடுக் கதிரையில், தாய்மாமனாக, முன்னுக்கு இருந்தார்.

தட்டார் நெருப்பை மூட்டியபோது பெடியனின் தகப்பன் என் பக்கத்தில் வந்து தயங்கினார். தான் இன்னமும் பாப்டிஸ்ட் சபைக்குப் போகிறவர் என்றும், பொன் உருகுமுன் ஒரு சின்ன ஜெபம் செய்ய அனுமதி கிடைக்குமா என்றும் மெல்லிய குரலில் கேட்டார். எனக்குத் தெரிந்த நடைமுறை எதிலும் இதற்கு இடமில்லை. நான் மச்சானைப் பார்த்து விசயத்தைச் சொன்னேன்.

“செய்யட்டும், செய்யட்டும்” என்றார் மச்சான் கையை உயர்த்தி, சபை முழுவதும் கேட்கும்படி. “போதகர் வீட்டு மனிசன். அவையளுக்கு அது பரம்பரை உரிமை.”

அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, என் மகளின் பெயரையும் தன் மகனின் பெயரையும் சொல்லி, எளிய ஆங்கிலத்தில் நாலைந்து வசனம் சொன்னார். தட்டார் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டபடி இருந்தார். மனைவி என் காதருகே சாய்ந்தாள்.

“ஆமென் எண்டு நாங்களும் சொல்லலாமோ?”

“சொல்லலாம். தடையொண்டும் இல்லை.”

அவள் சொன்னாள். அந்த வீட்டில் இருந்த எல்லோரிலும் சத்தமாகச் சொன்னாள்.